பார்த்து வரைதல்

(கல்லூரியின் நூற்றாண்டையொட்டிப் பழைய மாணவியர் சங்கம் நடத்திய ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மண்டபத்தில்தான் நாங்கள் தவணைப் பரீட்சைகள் எழுதினோம். பக்கத்து மேசையைப் பார்த்து எழுதினால் என்ன நடக்கும் என்பது இங்கிருக்கும் எல்லோருக்கும் தெரியும். சிலருக்கு அனுபவத்தாலும் தெரியும். அதே மண்டபத்தில் நின்றுகொண்டு, பார்த்துச் செய்வதைப் பற்றி அரைமணி நேரம் பேசப் போகிறேன். மேற்பார்வைக்கு நின்ற ஆசிரியர்கள் மன்னிக்க வேண்டும். டொக்டர் பேசுகிறார் என்றவுடன் நீரிழிவையும் கொலஸ்ரரோலையும் எதிர்பார்த்துக் கொப்பியோடு வந்திருக்கும் அக்காமாரும் மன்னிக்க வேண்டும்.

நான் பேச வந்தது ஓர் எண்ணெய் வர்ண ஓவியத்தைப் பற்றி. பிரான்ஸ் நாட்டு ஓவியர் பேர்த் மொரிசோ 1872இல் வரைந்த ‘தொட்டில்’. அதை நான் ஐந்து மாதம் இருந்து பிரதி செய்தேன்.

அந்தப் படத்தை நான் முதலில் கண்டது எங்கள் கல்லூரி நூலகத்தில். அட்டை கழன்ற ஒரு பழைய கலைப் புத்தகம். உள்ளே படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை. ஒரு பெண் இருந்து, தொட்டிலில் நித்திரை கொள்ளும் குழந்தையைப் பார்க்கிறாள். தொட்டிலின் மேல் ஒரு வலை தொங்குகிறது. பத்தாம் வகுப்பில் இருந்த எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் தெரியவில்லை. அது நுளம்பு வலை என்று முடிவு செய்துவிட்டேன். மலேரியா வீடு வீடாகப் போய்வந்த காலம். பாரிசிலும் நுளம்பு இருக்கிறது போல என்று அக்காவிடம் சொன்னேன்.

அக்காவும் இந்தக் கல்லூரியின் பழைய மாணவிதான். என்னைவிட நான்கு வயது மூத்தவள். எங்கள் வீட்டில் வரையத் தெரிந்தவள் அவள். பரிசளிப்பு விழா நாடகங்களுக்குத் திரைச்சீலை தீட்டியவள். பொருளாதாரத் தடைக் காலத்தில் வர்ணப்பெட்டி கிடைக்காதபோது, மஞ்சளையும் நீலத்தையும் கரியையும் குழைத்து ஒரு கலைமகளை வரைந்தாள். வாணிவிழாவுக்கு அதைத்தான் வைத்தார்கள். நான் சுமாராக வரைவேன், அவ்வளவுதான். என்னுடைய வரைதல் எல்லாம் அவளுடைய கொப்பியைப் பார்த்து வரைந்ததே. ஆக இந்தப் பழக்கம் எனக்குப் புதிதல்ல.

அக்காவுக்குச் சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு வந்தது. நல்ல பெறுபேறு வந்த பிள்ளை என்ன செய்யும்? உயிரியல் படிக்கும். சித்திரத்தை யாரும் அவளிடமிருந்து பறிக்கவில்லை. எல்லோரும் அவளுடைய நன்மைக்காகவே பேசினார்கள். அவள் உயர்தரம் எடுத்தாள், பல்கலைக்கழகத்துக்குச் சில புள்ளிகள் போதவில்லை, பிறகு இடப்பெயர்வு, பிறகு கல்யாணம், பிறகு கனடா. 1995 ஒக்ரோபர் 30 இரவு வீட்டை விட்டு நடந்தபோது நாங்கள் எடுத்துச் சென்றவற்றில் என்னுடைய விஞ்ஞானக் கொப்பிகள் இருந்தன. அவளுடைய தூரிகைகள் இருக்கவில்லை. அடுத்த சித்திரையில் திரும்பி வந்தபோது அவையும் இல்லை. நூலகத்து அந்தப் புத்தகத்தையும் அதன்பின் நான் காணவில்லை.

நான் மருத்துவம் படித்தேன். பிறகு இங்கிலாந்துக்குப் போய்க் குழந்தை வைத்தியத்தில் பயிற்சி பெற்று, அங்கேயே வேலை செய்கிறேன். நாற்பது வயதை எட்டிக்கொண்டிருந்த ஒரு வருடம், செவ்வாய்க்கிழமை மாலைகள் எனக்கு ஓய்வாகக் கிடைத்தன. ஊர் நூலகத்தின் பலகையில் ஒரு துண்டு ஒட்டியிருந்தது: எண்ணெய் வர்ணம், ஆரம்பநிலை, வாரத்தில் இரண்டு மணி நேரம். சேர்ந்துவிட்டேன்.

எங்களுக்குப் படிப்பித்தவர் எழுபது வயதைத் தாண்டிய ஓர் ஆங்கிலப் பெண்மணி. முதல் நாளே ஒரு சட்டம் போட்டார்: யாரும் சொந்தமாக ஒன்றும் வரையக்கூடாது. பெட்டி நிறையத் தபாலட்டைகள் வைத்திருந்தார். ஆளுக்கொரு படத்தைத் தெரிந்தெடுத்து அதைப் பார்த்து வரைய வேண்டும். வகுப்பில் ஒருவர், இது திருட்டில்லையா என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் சங்கீத ரீச்சர் ஒரு வரி பாடுவார், நாங்கள் இருபது பேரும் அதைத் திருப்பிப் பாடுவோம். பிழைத்தால் மறுபடியும் பாட வேண்டும். அதை யாரும் திருட்டு என்று சொன்னதில்லை. ஐரோப்பிய ஓவியர்களும் அப்படித்தான் கற்றிருக்கிறார்கள். தெகா பல வருடங்கள் பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் நின்று பழைய ஓவியங்களைப் பிரதி செய்தவர். வான்கோ மில்லேயின் படங்களைப் பார்த்து வரைந்தவர்.

தபாலட்டைப் பெட்டியில் எல்லோரும் தாமரைக் குளங்களையும் பூவயல்களையும் தேடினார்கள். என் கையில் தொட்டில் வந்தது. முதல்முறையாக நிறத்தில் பார்த்தேன். நுளம்பு வலை நுளம்பு வலையாகவே இருந்தது. ஆனால் அது வெள்ளையாக இல்லை.

அந்த வெள்ளையைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அசல் ஓவியம் பெரியதல்ல: 56 சென்ரிமீற்றர் உயரம், 46 சென்ரிமீற்றர் அகலம். பள்ளிக்கூட மேசையில் வைத்தால் இடம் மிஞ்சும். ஏறக்குறைய அதே அளவில் ஒரு கன்வஸ் கடையில் கிடைத்தது. அசலின் அளவிலேயே பிரதி செய்யக்கூடாது என்பது லூவரின் சட்டம் என்று பின்னர்தான் அறிந்தேன். வீட்டுக் குசினியில் வரைகிறவர்களை யார் பிடிக்கப் போகிறார்கள்! தபாலட்டையைப் பெரிதாக்கிப் பிரதி எடுத்து, கட்டம் போட்டு, கரித்துண்டால் வெளிக்கோடு வரைந்தேன். இதுவரை பிரச்சினை இல்லை. தவளையின் குருதிச் சுற்றோட்டத்தைக் கட்டம் போட்டு வரைந்த கை இது.

பிறகு எண்ணெய் வர்ணம். தண்ணீர் வர்ணம் காய்வது நீர் ஆவியாவதால். எண்ணெய் வர்ணம் அப்படியல்ல. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து இறுகுகிறது. அதற்கு நாட்கள் ஆகும், தடித்துப் பூசினால் வாரங்கள் ஆகும். எனவே கீழ்ப்படைகளை ரேர்பன்ரைன் கலந்து மெல்லியதாகவும், மேற்படைகளை எண்ணெய் கூடியதாகவும் பூச வேண்டும். மாறிச் செய்தால் மேற்படை முதலில் இறுகி, பின்னர் வெடிக்கும். பொறுமை இல்லாதவர்களுக்கு இந்த வேலை சரிவராது. சத்திரசிகிச்சையில் எனக்கு மனம் போகாததன் காரணமும் குழந்தை வைத்தியத்தில் போனதன் காரணமும் ஒன்றுதான்: பார்த்துக்கொண்டு காத்திருக்க எனக்குப் பிடிக்கும்.

வலைக்கு வெள்ளைக் குழாயைப் பிதுக்கினேன். ரைற்றேனியம் வெள்ளை. மொரிசோவின் காலத்தில் அது இல்லை, அவர்கள் பாவித்தது ஈய வெள்ளை. வைத்தியராக அதை நினைத்தாலே எனக்குக் கை கூசும். ரைற்றேனியம் வெள்ளை ஓவியர்களின் கைக்கு வந்தது ஏறக்குறைய எங்கள் கல்லூரி தொடங்கிய காலத்தில்தான். நல்ல, சுத்தமான, சீருடை வெள்ளை. தாராளமாகப் பூசினேன். தூரத்தில் நின்று பார்த்தால் தொட்டிலின் மேல் யாரோ சுண்ணாம்பு அடித்தது போல் இருந்தது.

ரீச்சர் ஒன்றும் பேசாமல் ஒரு மட்டையில் பட்டாணிக்கடலை அளவில் ஓர் ஓட்டை போட்டுத் தந்தார். அதைத் தபாலட்டையின் மேல் வைத்து, ஓட்டைக்குள் தெரியும் நிறத்தை மட்டும் சொல் என்றார். வலையில் ஓரிடத்தில் வைத்தேன். நீலம் கலந்த சாம்பல். இன்னோரிடத்தில் மங்கிய ஊதா. ஓரத்தில் இளஞ்சிவப்பு. குழந்தையின் தலைக்கு மேல், பழைய பித்தளைபோல் ஒரு மஞ்சள். முழு வலையிலும் நான் பூசிய வெள்ளை ஒரு சில கீறல்களில் மட்டுமே இருந்தது. வலை வெள்ளை என்று எனக்கு முன்னரே தெரிந்திருந்தது. அதனால் நான் அதைப் பார்க்கவே இல்லை.

எனக்கு இது கொஞ்சம் அவமானமாக இருந்தது. நிறம் பார்ப்பது என் தொழில். பிறந்த குழந்தையின் மஞ்சளை விரலால் அமர்த்திப் பார்ப்பதும், எங்களைப் போன்ற கறுத்த தோலில் அது ஏமாற்றும் என்பதால் கண்வெள்ளையிலும் முரசிலும் தேடுவதும், உதட்டின் நீலத்தைக் கண்டுபிடிப்பதும் நான் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் விடயங்கள்.

அடுத்தது குழந்தை. மற்றதெல்லாம் பிழைத்தாலும் இது பிழைக்காது என்று நினைத்தேன். ஆயிரக்கணக்கான குழந்தைகளைத் தொட்டுப் பார்த்தவள் அல்லவா? கண்ணிமை மயிர், மூக்குத் துவாரம், மடங்கிய விரல்கள், நகம்கூட வரைந்தேன். இரண்டு கிழமை காயவிட்டு, அதன்மேல் வலையைப் பூசினேன். சேறு. வலை மெல்லியதாக இருந்தால் குழந்தை முட்டிக்கொண்டு வெளியே வந்தது. தடித்தால் குழந்தை காணாமல் போனது. ரீச்சர் அசலைச் சுட்டிக்காட்டி, இதில் கண்ணிமை மயிர் எங்கே என்று கேட்டார். இல்லை. மூக்கு? ஒரு நிழல். கண்? மூடிய கண்ணுக்கு ஒரு கோடு. மொரிசோ குழந்தையை வரைந்து அதை வலையால் மூடவில்லை. வலைக்கூடாகத் தெரிந்த அளவு குழந்தையை மட்டுமே வரைந்திருக்கிறார். நீ உனக்குத் தெரிந்த குழந்தையை வரைந்திருக்கிறாய், அங்கே இருக்கும் குழந்தையை அல்ல என்றார் ரீச்சர். மழுங்கிய கத்தியால் முழுவதையும் வழித்தெடுத்தேன். அந்தக் குழந்தையின் பெயர் பிளான்ஷ். பிரெஞ்சு மொழியில் அதற்குப் பொருள் ‘வெள்ளை’. இதைப் பிறகு வாசித்தபோது, ஓவியர் என்னைப் பார்த்துச் சிரிப்பது போலிருந்தது.

ஒரு விடயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். ஆரம்பக்காரர் ஒருவர் இம்பிரெஷனிச ஓவியம் ஒன்றைப் பிரதி செய்வது புத்திசாலித்தனம் என்று இப்போது நான் நினைக்கவில்லை. அவர்கள் வேகமாக வரைந்தவர்கள். மொரிசோ ஒரு மூச்சில் இழுத்த கீறலை நான் மூன்று செவ்வாய்க்கிழமை இழுத்தேன். வடிவம் வந்தது, உயிர் வரவில்லை. கீறலைப் பார்த்து வரையாதே, அந்தக் கீறலை எப்படித் துணிந்து வைத்தாள் என்று பார், வர்ணத்தை எடு, வை, விடு என்பார் ரீச்சர். அது எனக்குச் சட்டென்று விளங்கியது. பச்சைக் குழந்தையின் நாளத்தில் ஊசி ஏற்றும்போது தயங்கித் தயங்கிக் குத்தினால் நாளம் போய்விடும். பார்ப்பதற்கு எவ்வளவு நேரமும் எடுக்கலாம், குத்தும்போது ஒரே தரம்.

இனி அந்தச் சகோதரிகளைப் பற்றி. படத்தில் இருக்கும் தாய் எட்மா. ஓவியரின் அக்கா. எட்மா 1839இல் பிறந்தவர், பேர்த் 1841இல். இருவரும் ஒன்றாகவே ஓவியம் கற்றவர்கள். அக்காலத்தில் பாரிசின் அரச நுண்கலைப் பள்ளியில் பெண்களுக்கு இடமில்லை. 1897இல்தான் கதவைத் திறந்தார்கள், அதற்குள் பேர்த் இறந்துவிட்டார். ஆகவே வீட்டுக்கு ஆசிரியரை வரவழைத்துப் படித்தார்கள். அந்த ஆசிரியர் கிஷார், இந்தப் பிள்ளைகளின் திறமை பொழுதுபோக்கோடு நிற்காது, உண்மையான ஓவியர்களாகிவிடுவார்கள், உங்களைப் போன்ற குடும்பத்தில் அது என்ன விளைவைத் தரும் என்று யோசியுங்கள் என்று தாயை எச்சரித்திருக்கிறார். இருவரும் லூவரில் பிரதி செய்தார்கள். கொரோ என்ற பெரிய ஓவியரிடம் படித்தார்கள். 1864இல் இருவருடைய படங்களும் சலோன் என்னும் அரச கண்காட்சியில் இடம்பெற்றன. ஓவியத் தாங்கியின் முன் நிற்கும் தங்கையை எட்மா வரைந்த படம் ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்தால் யார் கெட்டிக்காரி என்று சொல்வது கடினம்.

1869இல் எட்மா ஒரு கடற்படை அதிகாரியை மணந்து பாரிசை விட்டுப் போனார். வரைவதை நிறுத்தினார். யாரும் கட்டாயப்படுத்தியதாக நான் வாசிக்கவில்லை. புதுவீட்டிலிருந்து தங்கைக்கு எழுதிய கடிதங்களில், தாங்கள் சேர்ந்து வேலை செய்த அறையை நினைத்து ஏங்கியிருக்கிறார். மூன்று வருடம் கழித்து, அந்த அக்கா தன் இரண்டாவது மகளின் தொட்டிலருகே இருக்க, தங்கை வரைந்ததுதான் இந்தப் படம்.

1874 ஏப்பிரல் 15இல் மொனே, ரெனுவார், தெகா, பிசாரோ, செசான் முதலியோர் சேர்ந்து, பின்னால் இம்பிரெஷனிஸ்டுகள் என்று பெயர் வாங்கிய முதற் கண்காட்சியைத் திறந்தபோது, தொட்டிலும் அங்கே இருந்தது. ஒன்றிரண்டு விமர்சகர்கள் பாராட்டினார்கள், மற்றவர்கள் கவனிக்கவில்லை. விற்க முயன்றும் விலைபோகவில்லை. படம் எட்மாவின் குடும்பத்திலேயே இருந்தது. 1930இல்தான் லூவர் வாங்கியது. அந்தக் குழுவின் எட்டுக் கண்காட்சிகளில் ஏழில் பேர்த் பங்குபற்றினார். தவறிய ஒன்று 1879இல் நடந்தது, மகள் பிறந்ததற்கு அடுத்த வருடம். அவர் 1895இல் நோயுற்று இறந்தபோது இறப்புப் பத்திரத்தில் தொழில் இல்லை என்று எழுதினார்கள். இறப்புப் பத்திரங்கள் எழுதும் ஒருத்தியாக, அந்த நிரலைக் கடக்கும்போது இப்போது என் பேனா சற்று நிற்கிறது.

தாயின் முகத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன். வரைந்தேன். முகம் சிரித்தது. அழித்துவிட்டு மறுபடியும் வரைந்தேன். மறுபடியும் சிரித்தது. பெரிய சிரிப்பல்ல. எங்கள் வைத்தியசாலைச் சுவர்களில் தாய்ப்பால் விளம்பரங்களில் இருக்குமே, அந்தச் சிரிப்பு. நான்காம் முறை ரீச்சர் தபாலட்டையையும் என் கன்வசையும் தலைகீழாகத் திருப்பி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

தலைகீழாகப் பார்த்தால் அது முகமல்ல. ஒரு வளைவு, ஒரு நிழல், ஒரு கோடு. வாயின் கோணங்கள் மேலே போகவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கோடு நேராகவே இருந்தது. இமைகள் தாழ்ந்திருந்தன. கன்னத்தைத் தாங்கியிருந்த கை, ரசிப்பவள் வைத்த கையா, தலை கனத்து வைத்த கையா என்று எனக்குச் சொல்ல முடியவில்லை. எழுபது எண்பது தடவையாவது அந்தப் படத்தைப் பார்த்திருப்பேன். தாயும் சேயும், அன்பு, அமைதி என்று எனக்கு முன்னரே தெரிந்திருந்தது. வலை வெள்ளை என்று தெரிந்திருந்தது போலவே.

நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய ஒரு பெண்ணுக்கு நான் நோய் நிர்ணயம் செய்யவில்லை. அவள் வெறுமனே களைத்திருந்திருக்கலாம். யோசித்துக்கொண்டிருந்திருக்கலாம். தங்கைக்காக நெடுநேரம் அசையாமல் இருந்து கழுத்து நொந்திருக்கலாம். எனக்கு நினைவு வந்தது எட்மா அல்ல.

2011இல் அக்காவுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது. அம்மாவால் பயணம் செய்ய முடியாத உடல்நிலை. நான் இங்கிலாந்திலிருந்து இரண்டு கிழமை லீவு எடுத்துக்கொண்டு, தமிழ்க்கடையில் வாங்கிய சரக்குத்தூளோடு கனடாவுக்குப் போனேன். புதிதாகக் குழந்தை வைத்தியம் பயில்கிறவளின் உற்சாகம் எனக்கு. பிள்ளையின் நிறை, மஞ்சள், தொப்புள், எத்தனை தடவை பால், எத்தனை ஈரத்துணி, எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் குறித்தேன். படங்களும் எடுத்தேன். பிள்ளை நன்றாக இருந்தது. எல்லோருக்கும் அப்படியே சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன்.

முகம் சரிவராத அந்தச் செவ்வாய் இரவு, அந்தப் படங்களைத் தேடி எடுத்தேன். இருநூறுக்கு மேல் இருந்தன. அக்கா இருக்கும் படங்கள் பதினொன்று. அதிலும் ஒன்பதில் பிள்ளையைத் தாங்கும் அவளுடைய கை மட்டும். மிகுதி இரண்டில் முகம் இருந்தது. நான் அந்த முகத்தைத்தான் நான்கு கிழமையாக வரையத் தெரியாமல் அழித்துக்கொண்டிருந்தேன்.

தொலைபேசி எடுத்தேன். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் படத்தைப் பற்றிப் பேசினேன். பிறகு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“பிள்ளை அழுதால், பக்கத்து வீட்டுப் பிள்ளை அழுகிற மாதிரி இருக்கும்” என்றாள். “எழும்பிப் போவன். தூக்குவன். ஒண்டும் வராது.”

ஏழெட்டு மாதம் அப்படி இருந்திருக்கிறாள். தடுப்பூசி போடப் போன இடத்தில் ஒரு தாதி, பிள்ளையைப் பார்க்காமல் இவளைப் பார்த்து, நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டாளாம். அங்கிருந்து சிகிச்சை தொடங்கி, மெல்ல மெல்லச் சுகமாகியிருக்கிறாள். வீட்டில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

“எனக்கு ஏனக்கா சொல்லேல்லை?”

“நீ டொக்டர். நீ பார்த்துக்கொண்டுதானே இருந்தனி.”

இதைச் சொல்ல அவளிடம் அனுமதி கேட்டேன். பெயரைச் சொல்லாதே, மற்றதைச் சொல் என்றாள். சபையில் பாதிப்பேருக்கு அவள் யார் என்று தெரியும் என்றேன். அவர்களுக்கும் ஒருத்தி இருப்பாள், சொல் என்றாள்.

ஆகவே, கொப்பியோடு வந்தவர்களுக்காக ஒரு சிறு மருத்துவக் குறிப்பு. பிள்ளை பிறந்து சில நாட்களில் வரும் அழுகையும் மனக்கலக்கமும் மிகப் பொதுவானவை. பெரும்பாலும் இரண்டு கிழமைக்குள் தானாகப் போய்விடும். போகாமல் நீடித்தால், அல்லது பின்னர் தொடங்கினால், அது மகப்பேற்றுக்குப் பின்னான மனச்சோர்வாக இருக்கலாம். பத்தில் ஒரு தாய்க்காவது அது வருகிறது. முதற்பிள்ளைக்கு வராமல் இரண்டாவதுக்கும் வரலாம். அது சோம்பலல்ல, பிள்ளையில் பாசமின்மையல்ல, கண்ணூறல்ல. குணப்படுத்தக்கூடிய ஒரு நோய். 1987இல் எடின்பரோவில் உருவாக்கிய பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கிறது, ஐந்து நிமிடத்தில் நிரப்பலாம். தனக்கோ பிள்ளைக்கோ தீங்கு செய்யும் எண்ணம் வருகிறது என்று ஒரு தாய் சொன்னால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம், அன்றே வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். முப்பத்தொன்றுக்குப் பலகாரத்தோடு போகும் நாங்கள், தொட்டிலை எட்டிப் பார்த்து யாருடைய சாயல் என்று பட்டிமன்றம் நடத்துவதற்கு முன், கட்டிலில் இருக்கும் பிள்ளையை ஒரு நிமிடம் பார்க்கலாம். அவளும் ஒருத்தியின் பிள்ளைதான். என்னுடைய சிகிச்சை அறையில் இப்போது கதிரைகளை மாற்றிப் போட்டிருக்கிறேன். தாய் எனக்கு நேரே இருப்பாள், குழந்தையை அதன் பிறகுதான் கையில் எடுப்பேன்.

முகத்தை எட்டாம் முறையில் ஓரளவு பிடித்தேன். வலை சரிவந்தது. கீழே இருண்ட சாம்பலைப் பூசி நன்றாகக் காயவிட்டு, ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் வர்ணத்தை உரசிவிட்டால் மெல்லிய துணி தானாக வருகிறது. கன்வசின் பின்பக்கத்தில் ‘பேர்த் மொரிசோவைப் பார்த்து வரைந்தது’ என்று எழுதி, என் பெயரையும் போட்டேன்.

அசலைப் பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்தில் அடுத்த கோடையில் பார்த்தேன். முன்னால் ஒரு பாடசாலைக் கூட்டம் நின்றதால் பத்து நிமிடம் தலைகளுக்கு மேலால்தான் பார்க்கக் கிடைத்தது. பிறகு கிட்டப் போனேன். தபாலட்டையில் தெரியாத ஒன்று: வலையின் மேல் வர்ணம் அவ்வளவு மெல்லியது. அவர் அதிகம் பூசவே இல்லை. வெளியே வந்து, லா சப்பலில் மசாலாத் தோசை சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

போன வருடம் அக்கா என்னிடம் வந்து மூன்று கிழமை நின்றாள். படம் குசினிச் சுவரில் தொங்குகிறது. வந்த அன்று ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலை தேத்தண்ணிக் கோப்பையோடு அதன் முன் நின்றவள், “கை பிழை” என்றாள்.

“எந்தக் கை?”

“வலையைப் பிடிச்சிருக்கிற கை. நீ அவள் வலையை இழுக்கிற மாதிரி வரைஞ்சிருக்கிறாய். அவள் இழுக்கேல்லை. சும்மா தொட்டுக்கொண்டு இருக்கிறாள்.”

நான் வர்ணப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தேன். எண்ணெய் வர்ணத்தை அவள் வாழ்நாளில் தொட்டதில்லை. தூரிகையை எடுத்து நெடுநேரம் வாழைப்பழம் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காய்ந்த படையின் மேல் துளி எண்ணெய் தேய்த்துவிட்டு வரையலாம் என்பதை மட்டும் சொல்லிக்கொடுத்தேன். அவள் தபாலட்டையைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், தன் இடக்கையை மேசை விளிம்பில் வைத்து அதையும் பார்த்தாள். இருபது நிமிடம். நான் பக்கத்தில் நின்று வெங்காயம் வெட்டினேன்.

நான் மூன்று கிழமை மினக்கெட்ட கையை அவள் ஐந்தாறு கீறலில் முடித்தாள். இப்போது அந்தக் கை வலையை இழுக்கவில்லை.

படத்தை இந்த விழாவுக்காகக் கொண்டுவந்திருக்கிறேன். கீழ்மாடியில், பழைய சித்திர வகுப்பறையில், கண்காட்சியோடு வைத்திருக்கிறார்கள். தேநீர் இடைவேளையில் பாருங்கள். பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். என் பெயருக்குக் கீழே, பென்சிலால் எழுதியிருக்கிறது: “கை மட்டும் அக்கா.”